லினக்ஸ்தான் வரும் என்றேன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். டிவியில் மழை என்று சொன்னாலும், அது நிஜமா என்று என்னிடம்தான் கேட்பார்.

தங்கை பன்னிரண்டாவது முடித்ததும், ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சென்டரில் சேர ஆசைப்பட்டாள். ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்து பில் போடும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் கனவு. அங்கே விண்டோஸில்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ்தான் எனக்குப் பெரிது; நான் தடுத்தேன்.

"இன்னும் அஞ்சு வருசத்துல எல்லா ஆபீஸ்லயும் லினக்ஸ்தான். சும்மா கெடைக்கறத விட்டுட்டு எவன் விண்டோஸ் வாங்குவான்?"

"என் கூடப் படிச்சவங்க எல்லாம் அங்கதான சேர்றாங்கண்ணா."

"படிச்சவன் சொல்றான் இல்ல, கேளு கண்ணு," என்று அப்பா முடித்துவிட்டார்.

வேறு வீடாக இருந்தால் படித்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ என்னை மறுத்துப் பேசியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஆளில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஒரு வருடம் நானே சொல்லிக்கொடுத்தேன். கறுப்புத் திரையில் கட்டளைகளை என்னைவிட வேகமாக அடித்தாள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போட ஆள் கேட்டிருந்தார்கள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நான் கேட்டுக்கு வெளியே பைக்கோடு நின்றேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"ஒரு பில்லு போட்டுக் காட்டச் சொன்னாங்க. எங்க அமுக்கறதுன்னே தெரியல. லினக்ஸ்னா செய்வேன் மேடம்னேன். அதெல்லாம் இங்க இல்லம்மான்னு சிரிக்கறாங்க."

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வேலை, சென்டரில் படித்த அவள் தோழி ஒருத்திக்குக் கிடைத்தது. தங்கை இப்போது வேறொரு கம்பெனியில் உதிரிபாகம் பூட்டும் லைனில் எட்டு மணிநேரம் நிற்கிறாள். உலகத்தின் பெரிய பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் உட்கார ஆசைப்பட்ட மேஜைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"லைனுக்கு ரோபோ வரப்போவுதுன்றாங்க. எத்தன வருசத்துல வரும்ணா?"

"தெரியலம்மா," என்றேன்.

"உனக்கே தெரியலன்னா நாங்க யாரப் போய் கேக்கறது?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.