கிட்டத்தட்ட ஒரு உத்தியோகம்

சக பாவிகளே, நேராக விடை வராத கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒரு விடை கண்டுபிடிக்கும் பாடம்தான் நியூமரிக்கல் மெத்தட்ஸ். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அதை ஒப்பந்தத்தில் நடத்துவது கிட்டத்தட்ட ஒரு உத்தியோகம். ஐம்பத்தைந்து பேரில் பாதியாவது பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடையாது என்று பிரின்சிபால் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆரம்ப யூகம்

விடை எங்கே இருக்கும் என்று முதலில் ஒரு எண்ணை யூகித்துக்கொண்டு, அதைத் திருத்தித் திருத்திக் கிட்டே போக வேண்டும். இதைத் தொண்டை வறள மூன்று நாள் சொன்னேன். கடைசி பெஞ்ச் இம்ரான் எழுந்து நின்று அந்த முதல் எண்ணை யார் கொடுப்பார்கள் என்று கேட்டான். நீதான்பா யூகிக்கணும் என்றேன்.

"நானே யூகிக்கணும்னா, அப்புறம் நீங்க எதுக்கு மேடம்?"

டிகிரி

ஒரு எண்ணும் அதன் காஸ் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண் எது? கால்குலேட்டரில் காஸ் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் இருபது தடவைக்கு மேல் ஆகும், 0.7391 வரும். வகுப்பு மொத்தமும் 0.9998 என்று எழுதி வைத்திருந்தது. கால்குலேட்டரில் கோண அளவை ரேடியனுக்கு மாற்றாமல் டிகிரியிலேயே போட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாத்துங்கடா என்று கத்தினேன். ஒரு பையன் சமாதானமாகச் சொன்னான்:

"உங்க வழியில போய்க்கினே இருக்குது மேடம், எங்களுக்கு ரெண்டே தட்டுல வந்துடுச்சு."

மாங்காய் புட்டா

கார்த்திகா ஒருத்திதான் எனக்கு ஆறுதல். அவள் அண்ணன் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். புடவை உடலில் வரும் மாங்காய் புட்டாவின் வளைவை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்; கட்டம் சின்னதாக இருந்தால் படிக்கட்டு மாதிரி தெரியாது, வளைவாகவே தெரியும். இதை அவளே வகுப்பில் சொன்னாள். இதுதாம்மா பாடமே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிழை இருந்தால் போதும் என்று பூரித்துப்போய்ச் சொன்னேன். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

பரீட்சையில் நான்கு தசமம் வரை கேட்டிருந்தார்கள். அவள் எல்லாக் கணக்கையும் இரண்டு தசமத்தில் நிறுத்திவிட்டு வந்து ஃபெயிலானாள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார வைத்து, ஏம்மா இப்படிப் பண்ணினே என்றேன்.

"அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாதே மேடம், புடவை கட்டுறவங்க என்னா லென்ஸா வெச்சுக்கினு பாக்கப்போறாங்க?"

ரிசல்ட்

பாஸானவர்கள் இருபத்தேழு பேர். ஒரே ஒரு ஆள் குறைச்சல். பிரின்சிபால் அறையில் நின்றுகொண்டு, கிட்டத்தட்ட பாதிதானே சார், இந்த ஒரு தடவை பாருங்களேன் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுத்தான் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மேத்ஸ் மேடமே இப்படித் தோராயமா பேசலாமா?"

இப்போது வேறொரு காலேஜில் 'ஏறக்குறைய எடுத்தாச்சு' என்று சொல்லியிருக்கிறார்கள்; எத்தனை தசமத்துக்கு என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.