கட்டிப்பால் நாற்றம்

முன்னால் போன லாரியில், உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பால் நாறியது. "முந்துங்கப்பா, தாங்கல லா!" என்று மகன் கார்க் கண்ணாடியை ஏற்றினான்.

என் சிறுவயதில், கம்பெனி ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிய அம்மா, கரங்கான் சந்தைக்குப் பஸ் ஏறுமுன் எலுமிச்சையால் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் அந்த நாற்றம் போகாது. நானோ துரை வீட்டுப் பிள்ளைபோல இரண்டு இருக்கை தள்ளி உட்காருவேன். சொந்தமாக ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருந்த சீன அம்மாளும் அதே நாற்றத்தோடுதான் வருவார்; அவரிடம் எவரும் மூக்கைச் சுளித்ததில்லை.

ஒருநாள் அம்மா கை கழுவாமலே பஸ் ஏறி, அந்தச் சீன அம்மாள் பக்கத்தில் போய் அமர்ந்து, பஸ்ஸே கேட்க என்னைக் கூப்பிட்டார்.

"பாலு ஒண்ணுதான். மரம் அவங்களுக்குச் சொந்தம், நமக்கு இல்ல. இதுல எது தம்பி நாறுது?"

'சீனரைப் பார், நம்மைப் பார்' என்று ஒப்பிடுவோரிடம் இன்றும் அதையே கேட்கிறேன்.

மகன் ஏற்றிய கண்ணாடியை இறக்கினேன். வழி கிடைத்தும் முந்தாமல், தும்மிக்கொண்டே கரங்கான்வரை லாரியின் பின்னாலேயே போனேன்.