கராஜில் காய்ந்த மான்

நான் நர்ஸ். வேலை முடிந்து ஹென்டர்சனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், ஆஸ்பத்திரிக் கிருமி உள்ளே வரக்கூடாதென்று கராஜிலேயே உடுப்பு மாற்ற வைப்பார் என் கணவர். அன்று அதே கராஜில் கொடி கட்டி, தான் சுட்டுவந்த மானை வெட்டி, இறைச்சியை வத்தலுக்குக் காயப்போட்டிருந்தார். அவர் கையில் கையுறை இல்லை. விரலில் புதிய வெட்டுக்காயம் வேறு.

“உரிக்கேக்க கட்டி ஏதும் இருந்ததோ?”

“ஓம், கழுத்துக்குள்ள சீழ்க்கட்டி. வெட்டி எறிஞ்சிட்டன். இறைச்சிக்கு மஞ்சள் பூசியிருக்கு, ஒண்டும் செய்யாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டு மானுக்குக் காசநோய் இருந்தால் அப்படித்தான் கட்டும், அந்தக் காயம் வழியாக உங்களுக்கும் தொற்றும் என்று கத்தினேன். கொடியோடு இழுத்து எல்லாவற்றையும் குப்பைப் பையில் திணித்தேன்.

அவர் இரண்டடி தள்ளி நின்று சொன்னார்: “முதல்ல உடுப்பை மாத்திப்போட்டு வந்து கதையும்.”