குடிக்கிறதில்லை என்று சொன்னேன்

அன்றைக்கு அந்தக் கொமினிகேசன் கடையில் இருந்தவர்கள்: கடைக்கார அண்ணை. கட்டாரில் இருக்கிற மகனுக்கு டெலிபோன் கோல் எடுக்க வந்த ஒரு மனிசி. பக்கத்துத் தாராபுரத்திலிருந்து கருவாடு வாங்க வந்த ஒரு முஸ்லிம் நானா. எங்கள் வீட்டிலேயே இருக்கிற என் புருசனின் தங்கை, எனக்கு மச்சாள். பிறகு நான்.

கோல் சென்னைக்கு. எனக்கு ஒப்பரேசன் செய்த டொக்டருக்கு. றிசீவர் பழுது. ஸ்பீக்கரில்தான் கேட்கும். என் வயிற்றுக் கதையை எங்கள் ஊர் பள்ளிமுனை முழுக்கக் கேட்கட்டும் என்று விதி.

ஒப்பரேசன் ஏன் என்று சொல்ல வேண்டும். முதல் இடம்பெயர்வில் எல்லாரும் ஓடினார்கள். எனக்கு நூற்று நாற்பது கிலோவுக்கு மேல். ஓட ஏலாது. தம்பி மட்டும் என்னோடு நின்று, என் நடைக்கு நடந்தான். அந்த இடத்தில்தான் ஷெல் விழுந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அவனுடைய கால் போன மாதிரித்தான். இன்றைக்கும் இழுத்து இழுத்து நடக்கிறான், வெளிநாட்டில். சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து திரும்பவும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்க, அவன்தான் காசு அனுப்பினான்.

"அக்கா, அடுத்த முறை உன்னோட நிக்க நான் இல்லை. நீ நடக்கவேணும்."

அவ்வளவுதான் சொன்னான். சென்னைக்குப் போனேன். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கித் தைத்தார்கள்.

முதல் மாதங்களில் நான் ஒன்றும் செய்யவில்லை. தானாக இறங்கியது. சட்டை தோளால் வழுகியது. மோதிரம் கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. ஆமி மறிக்கிற சென்றியில் அடையாள அட்டையை வாங்கின ஆமிக்காரன் படத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், திரும்பப் படத்தைப் பார்ப்பான். ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்தான். மெலிஞ்சதுக்கும் தண்டனை.

சங்கக்கடையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில்தான் நான் ஏறுவேன். ஒரு வருசத்தில் தொண்ணூற்றாறுக்கு வந்தேன். பிறகு நின்றுவிட்டது. அடுத்த மாதமும் அதுதான். அதுக்கடுத்த மாதமும் அதுதான். தராசு பழுது என்று நினைத்து ஒரு அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். மூட்டை சரியாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மன்னாருக்குச் சாமான் வராத நேரம். பேக்கரியில் பாணுக்கு லைன். சனம் காய்ந்துபோய்க் கிடக்க, நான் மட்டும் தொண்ணூற்றாறு.

"வெளிநாட்டுக் காசைக் கொண்டுபோய் வயித்தைத் தைச்சவ, இப்ப ஒளிச்சுத் தின்னுறாவாம்" என்றார்கள். சொன்னது வேறு யார்? மச்சாள்தான். குசினியில் பாண் துண்டுகளை எண்ணி வைத்தாள். காலையில் திரும்ப எண்ணினாள். நான் பார்க்கத்தக்கதாகவே எண்ணினாள்.

நான் ஒரு துண்டு கூடுதலாகத் தொடவில்லை. மூன்று வாய் சோறு தின்றால் நாலாம் வாய் திரும்பி வரும். இது என்ன வாழ்க்கை? தின்றவள் மாதிரிப் பேச்சு வாங்குகிறேன், தின்னவும் இல்லை. அப்பிடியொரு கோபம் எனக்கு. அந்தக் கோபத்தோடுதான் சென்னைக்குக் கோல் எடுத்தேன். மச்சாள் சாட்சிக்கு வருகிறமாதிரிக் கூட வந்தாள்.

"என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

சொன்னேன். காலையில் அரை இடியப்பம். மத்தியானம் மூன்று வாய் சோறு, மீன். இரவு கொஞ்சப் பாண்.

"பொய்" என்றாள் மச்சாள், மெல்ல.

"சரிம்மா. குடிப்பீங்களா?"

கோல் எடுக்கிற ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி. இல்லை என்றே சொல்லிவந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், நான் குடிக்கிற பொம்பிளை இல்லை. எங்கட வீட்டில ஆம்பிளையளும் குடிக்கிறேல்லை. இதை இனிக் கேக்காதேங்கோ."

கட்டார் மனிசி வாயைப் பொத்திக்கொண்டா. நானா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, சாராயத்தை இல்லை அவர் கேக்கிறது. தேத்தண்ணியைக் கேக்கிறார்."

"ஆமாம்மா" என்றது ஸ்பீக்கர். "டீ, ஜூஸ், சோடா, எதுவா இருந்தாலும்."

"தேத்தண்ணியோ? அது குடிப்பன். ஏழெட்டு வரும்."

"சர்க்கரை?"

"மூண்டு கரண்டி."

டொக்டர் சொன்னார்: "நாங்க எவ்ளோ சின்னதா தைச்சாலும், தண்ணியாப் போறது நிக்காதும்மா. வழுக்கிட்டுப் போயிடும். அது சோறு மாதிரித்தான்."

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியைச் சாப்பாடு என்று யார் சொன்னது? ஒரு வீட்டுக்குப் போனால், "சோறுதான் வேண்டாம், தேத்தண்ணியாவது குடியுங்கோ" என்பார்கள். குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சோறு இறங்காத எனக்குத் தென்பு தந்ததும் அதுதான். வீட்டில் அதைப் போட்டுத் தந்தது மச்சாள். பாணை எண்ணினவள், மூன்று கரண்டி சீனியைத் தன் கையால் போட்டாள்.

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும்மா" என்றார் டொக்டர். "முதல் வருஷம் ஆப்பரேஷன் குறைச்சுது. இனிமே நீங்கதான் குறைக்கணும். மெதுவாத்தான் போகும். சில மாசம் அசையாது. நடங்க."

"இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றேன். "சும்மா இறங்கும் எண்டு நினைச்சு வந்தனான்."

டொக்டர் கோலை வைத்துவிட்டார். கடைக்கார அண்ணை காசு வாங்கும்போது, "சீனியில்லாமல் ஒரு பிளேன்டீ?" என்றார். நான் சிரிக்கவில்லை.

சீனியை விட்டேன். தலை இடித்தது. அப்பவும் விட்டேன். பொழுது ஏறினதும் கோயில்வரை நடந்து திரும்புவேன். அதற்கப்பால் ஆமிக்காரர் விடமாட்டார்கள். மதிலுக்கு மேலால் ஒருத்தி கேட்டாள், "எங்க, ஓட்டப்போட்டிக்கோ?" "ஓம், உன்னோட" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த மாதம் தராசு அசையவில்லை. அடுத்த மாதம் கொஞ்சம். பிறகு திரும்பவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வேறென்ன செய்ய?

ஒரு விடியல் ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் சத்தம். ஒப்பரேசனுக்கு முன்னம் இப்படி நடந்தபோது என்னை மீன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் ஏற்றித்தான் புருசன் கொண்டுபோனார். சனம் பார்த்தது. இந்த முறை அவர் கடலுக்குப் போயிருந்தார். வண்டியுமில்லை. மணலில் இறங்கி நடந்தேன். பின்னால் யாரும் தள்ளவில்லை. முன்னால் யாரும் எனக்காக நிற்கவும் இல்லை. நிற்கத் தேவையும் இல்லை.

பின்னாலிருந்து மச்சாளின் குரல். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"மச்சாள், கொஞ்சம் மெதுவா நடவுங்கோ."

என் பிறப்பில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை. அதற்கும் கோபம்தான் வந்தது. நின்றேன். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தேன்.

அந்தக் கிழமை தம்பி கோல் எடுத்தான். மைதானம்வரை நடந்தேன் என்று சொன்னேன். பிள்ளையையும் தூக்கினேன் என்று சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உலகத்தில் நான் கோபிக்காத ஒரே ஆள் அவன்.

"சரி அக்கா. இப்ப எத்தினை கிலோ?"

"தொண்ணூற்று நாலு."