ஜல்தி வீட்டுப் பெண்

இல்லவே இல்லை. பூங்காவனம் யாரோடும் ஓடிப்போகவில்லை. குழாயடியில் நின்று ஆளுக்கொரு கதை கட்டுகிறார்களே, அவள் எப்போது தூங்குவாள், எப்போது எழுவாள் என்று அவர்களில் யாருக்காவது தெரியுமா?

விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்குக் கண் சொக்கிவிடும். கிள்ளினாலும் தூக்கம் நிற்காது. ஊர் உறங்கும்போதே எழுந்து தறியில் உட்கார்ந்துவிடுவாள். பிறந்த ஊரான முள்ளிப்பட்டில் அவள் அப்பா அருணகிரியும் அப்படித்தான், அத்தையும் அப்படித்தான். பொழுது சாயுமுன்பே விளக்கேற்றி, சாப்பிட்டு, படுத்துவிடுவார்கள். ‘ஜல்தி வீடு’ என்று ஊரே கேலி பேசும். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் அது குற்றமாயிற்று. “விளக்கு வெக்கிற நேரத்துல தூங்கிகினு கெடக்கிறாளே, மூதேவி! லட்சுமி எப்பிடி உள்ள வருவா?” என்பாள் மாமியார் கன்னியம்மாள்.

பூங்காவனத்துக்கு ஏக்கமெல்லாம் புருஷன் ஜெகநாதன் மேல்தான். தறியில் இருக்கும்வரை வாய் திறக்காத ஆள். ராத்திரி சோற்றில் கை வைத்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவள் தூக்கத்துக்குள்ளிருந்து கேட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. ஒரே ஒருநாள் எதிரே உட்கார்ந்து, முழுசாகக் கண் திறந்து பார்க்க வேண்டும். வேறென்ன கேட்டாள்?

அதற்காகத்தான் இருவரும் பஸ் பிடித்து வேலூருக்குப் போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, “இது நோய் இல்லம்மா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு,” என்றார்.

“செல்லா? எங்ககிட்ட வீட்டு போனே இல்லீங்க,” என்றான் ஜெகநாதன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அந்த செல் இல்லப்பா. உடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்க. ஒவ்வொண்ணுலயும் ஜீன் இருக்கு. அது சொல்றபடி புரோட்டீன் உண்டாகும். அது சேர்ந்து பெருகினதும், திரும்பிப் போய் அந்த ஜீனையே நிறுத்திடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழியும். ஜீன் மறுபடி ஆரம்பிக்கும். இந்தச் சுத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். உங்க குடும்பத்துல அது சீக்கிரம் முடியுது.”

பூங்காவனம் யோசித்தாள். “ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டை சொல்றபடி தறி டிசைன் நெய்யுது. நெய்ஞ்ச சேலையே போயி அட்டைய நிறுத்துது. அப்பிடிங்களா?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோ.”

“எங்கப்பா குடுத்த அட்டையில ஒரு ஓட்டை மாறிப்போச்சு?”

“ஆமாம்மா. அதை மாத்த முடியாது. சாயங்காலம் நல்ல வெளிச்சத்துல இரு. தூக்கம் கொஞ்சம் தள்ளிப் போகலாம்.”

ஜெகநாதன் டியூப்லைட் மாட்டினான். அதனடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் கைகால் கழுவும் சத்தம்வரை விழிப்பு தாங்கியது. சிரிப்புவரை தாங்கவில்லை.

பிறகு ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் பானுப்ரியா புத்தகத்தின்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். கன்னியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அந்த முகத்தில் வீசினாள். “வந்துட்டா இன்னொரு மூதேவி!” பிள்ளை அலறி எழுந்தது. பூங்காவனம் தறிமேட்டில் இருந்த புருஷனைப் பார்த்தாள். “விடும்மா” என்றுகூட அவன் சொல்லவில்லை.

தன்னைச் சொன்னதையெல்லாம் பொறுத்தவள்தான். ஆனால் பிள்ளைக்கு அந்த அட்டையைக் கொடுத்தவள் அவளாயிற்றே.

மறுநாள் விடியுமுன் தாயும் மகளும் எழுந்தார்கள். பூங்காவனம் விளக்கேற்றினாள். அந்த வெளிச்சத்தில் ஜெகநாதன் தூங்கிக்கொண்டிருந்தான், ஏதோ கனவில் வாயோரம் சிரித்தபடி. உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கண் நிறையப் பார்த்தாள்.

“ஏங்க, முள்ளிப்பட்டுக்குப் போறோம். ஜல்தி வந்து சேருங்க.”

அவன் புரண்டு படுத்தான். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.