நிழலில் மட்டும் பாஸான பச்சை

தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஆகாது... பெயின்ட் கடை வாசலில் வண்டியை நிறுத்தக்கூட யோசிப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிது. திருப்பூர் ராயபுரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு லைன் வீடு. நான் அருள்புரம் பக்கம் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங்கில் லேப் அசிஸ்டென்ட். என் வீட்டுக்காரர் வேறொரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் இந்த ஊர்க்காரி, அவர் தூத்துக்குடிப் பக்கம்.

ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் ஒரு தூண்டில் கம்பும்தான். மூங்கில் இல்லை, ஃபைபர் கம்பு. வெளுத்துப்போன பாசிப்பயறு நிறம். அவருடைய அண்ணன் ஆசையாக வாங்கியது. அந்த அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கம்பு மூலையில் சாத்தியே இருக்கும். மீன் பிடிக்கப் போகமாட்டார். யாராவது தொட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

அந்தப் பொங்கலுக்கு அவர் மட்டும் ஊருக்குப் போனார். எனக்கு வெளிநாட்டு பையருக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருக்கடி, லீவு இல்லை. சும்மா இருக்காமல் வீட்டைத் துடைத்தேன்... அந்த வேகத்தில் கம்பையும் துடைத்தேன். கைப்பிடிக்கு மேலே ஒரு கிரீஸ் கறை. திருப்பூர்க்காரி கைக்கு எது முதலில் கிடைக்கும்? பனியன் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துணி. கறை என்றால் லேபில் என்ன செய்வோம்? தின்னர். இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பு.

கறை போனது. கூடவே ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட்டும் போனது. வேஸ்ட் துணி முழுக்கப் பச்சை... தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்போமே, அந்த ரப்பிங் டெஸ்ட் சுத்தமாக ஃபெயில்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அண்ணன் கை பிடித்த இடம் அது. அவர் திரும்பி வர நான்கே நாள்.

மறுநாள் கம்பைப் பெட்ஷீட்டில் சுற்றி கம்பெனி வேனில் ஏற்றினேன். நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங்கக்கா, கொடி நடப் போறீங்களா?" என்று ஒரு பெண் கேட்க, வேனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஹார்டுவேர் கடையில் வாங்கிய குட்டிக் குட்டி டப்பாக்கள்... பச்சை, மஞ்சள், கறுப்பு, சிவப்பு. துணிக்குச் சாயம் சேர்ப்பதுபோல பிப்பெட்டில் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கலந்தேன். பச்சை ரொம்பப் பளிச்சென்று வந்தால் அதை அடக்க ஒரே ஒரு சொட்டு சிவப்பு. டீ டைம், சாப்பாட்டு டைம் எல்லாம் அதிலேயே போயிற்று. பதினோராவது ட்ரையலைக் கம்பில் அடித்து, கலர் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தேன்... பழசும் புதுசும் எங்கே சேருகிறது என்றே தெரியவில்லை.

டையிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏனம்மணி, இது எந்த பையரோட ஆர்டரு?"

"எங்கூட்டு பையருங்கண்ணா. ரிஜெக்ட் பண்ணுனா திரும்பச் சாயத்துல முக்கி ரீ-டை கூட பண்ண முடியாதுங்க."

மாஸ்டர் குனிந்து உற்றுப் பார்த்து, "பாஸ்" என்றார். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பியது ஒரு சாயங்காலம். டியூப்லைட் வெளிச்சத்தில் கம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். சாப்பிடும்போது, "கம்ப சும்மா சாத்தி வச்சா அண்ணன் வருத்தப்படுவாம்லான்னு அம்மா சொல்லுதா. ஞாயித்துக்கெழம கொளத்துக்குப் போவோமா?" என்றார்.

பல்லடம் தாண்டி ஒரு குளம். வண்டியிலிருந்து கம்பை இறக்கி அவர் வெயிலில் நீட்டினார். நான் அடித்த ஒரு சாண் மட்டும் தனியாக, செம்பழுப்பு கலந்து தெரிந்தது.

என்ன நடந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. அந்த சீசனில் எங்கள் ஆர்டர் எல்லாம் ஒரே பையருக்கு. அவர்கள் கடை விளக்கு வெளிச்சத்தில்தான் கலர் பார்ப்பார்கள். பழக்க தோஷத்தில் நானும் லைட் பாக்ஸில் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் போட்டிருக்கிறேன். பகல் வெளிச்சத்துக்கான ஸ்விட்ச் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விளக்கில் ஒட்டிப்போகிற இரண்டு கலர் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும்... லேபில் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம்.

"ஏனுங்க, வெயில் சுள்ளுன்னு அடிக்குதுங்க. அந்த வேப்பமரத்துக்கடியில உக்காந்துக்கலாமுங்க."

"சரி, வா" என்று உடனே வந்துவிட்டார். அடர்ந்த நிழலில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. மார்கழிக் குளிரில் மற்றவர்கள் எல்லாம் வெயில் தேடிப் போய் உட்காருவார்கள். நாங்கள் மட்டும் நடுங்கிக்கொண்டு மரத்தடியில். ஜிலேபிக் கெண்டை நிறைய மாட்டும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

இப்போது நான் லேப் இன்சார்ஜ். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மெஷின் எந்தக் கலருக்கும் ரெசிபி கொடுத்துவிடுகிறது. சொட்டு எண்ணுகிற பொறுமை யாருக்கும் தேவையில்லை, எனக்கும் இல்லை. கம்பும் அங்கங்கே பெயின்ட் உதிர்ந்து பாவமாக இருந்தது. போன மாதம் குளத்தங்கரையில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தின்னர், பனியன் வேஸ்ட், அழுதது... எல்லாம்.

அவர் கொக்கியில் மாவை உருட்டி மாட்டிக்கொண்டே, நிமிராமல், "தெரியும்" என்றார்.

"எப்பலிருந்துங்க?"

"மொத நாளே. வண்டியில கெட்டும்போதே வெயில்ல பாத்துட்டேன். நீ மொகம் வெளுத்துப் போயி மரத்தடிக்குக் கூப்பிட்ட... கேட்டா அழுவியேன்னு நானும் பேசாம வந்துட்டேன்."

இத்தனை வருடமும் அவருக்குத் தெரியக்கூடாது என்று நான்... அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாது என்று அவர். கம்புக்குக் கை நீட்டிக்கொண்டே சொன்னேன்: "குடுங்க, முழுசாச் சுரண்டிப் புதுசா அடிச்சுத் தாரனுங்க. இப்ப அச்சு அசலா வருமுங்க. வெயில்ல வச்சாலும் வித்தியாசமே தெரியாதுங்க."

"வேண்டாம்" என்றார். "கலரு சரியா வந்துட்டுன்னா பொறவு வெயில்லல்லா உக்காரணும்."

இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தோம்.