சளி போனதற்குப் பாயசம்

தச்சநல்லூரில் ஒரு பெண்மணி தனக்குச் சளி பிடித்த சந்தோஷத்தில் தெருவுக்கே பாயசம் கொடுத்தார் என்று ஒரு வதந்தி. சொன்னவர் டீக்கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி. அவர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பது அவருக்கே தெரியாது.

"சும்மா இல்லவே, பால் பாயசம். முந்திரி கெடந்துச்சு. நானே ரெண்டு தம்ளர் குடிச்சேன்."

"சளிக்கா?"

"சளிக்குத்தான். காது குத்துக்குப் போடுதோம், கல்யாணத்துக்குப் போடுதோம். சளி என்ன பாவம் செஞ்சுது?"

விசாரித்து எழுதலாம் என்று போனேன். பாயசம் கொடுத்தவர் பாக்கியவதி, வீட்டு முன்னறையிலேயே ரவிக்கை தைப்பவர். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. கேள்வியைக் கேட்டதும் குண்டூசியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

"பிடிச்சதுக்கு இல்ல அண்ணாச்சி, போனதுக்கு. எனக்கு எச்.ஐ.வி. இருக்குல்லா. தெருவுக்கே தெரியும். டீக்கடையில இதைச் சொல்லலியா?"

சொல்லவில்லை. முந்திரியைத்தான் சொன்னார்.

கணவர் லாரி ஓட்டியவர். அவர் காலமான பின் பாக்கியவதிக்கு ஒரு சளி வந்தது. வந்தது போகவில்லை, நெஞ்சுக்கு இறங்கியது. வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து தண்ணீர் குடித்தாலே எரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கடைசியில் காசநோய். மற்றவர்கள் நாலு தும்மலோடு மறந்துபோகிற சமாச்சாரம்கூட அவர் உடம்பில் குடியும் குடித்தனமுமாக இருந்துவிட்டது.

நம் ஊரில் சீக்காளியைப் பார்க்கப் போகாவிட்டால் சொந்தம் அறுந்துவிடும். எனவே சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு உறவினர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு இருமல் இருமி ஆறுதல் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு தெரிந்தபின் அதே ஆட்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

"எங்க அத்தைக்கு அன்னைக்கு நல்ல ஜலதோசம். எங்கிட்டருந்து ஒட்டிருமாம். சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, அதுக்குள்ளயே தும்முதா."

தொட்டாலும், ஒரே தம்ளரில் குடித்தாலும் ஒட்டாத கிருமிக்கு அத்தை பயந்தார். அத்தையின் தும்மலுக்குப் பயப்பட வேண்டியவரோ கட்டிலில் கிடந்தார். இதை யாரும் அத்தையிடம் எடுத்துச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா.

"ஆஸ்பத்திரியில ஆலோசனை சொல்லுத அம்மா ரத்தத்துல பட்டாளம், சிப்பாய்னு என்னமோ சொன்னாங்க. பட்டாளத்தை நான் எங்க கண்டேன்? அப்புறம் நானே நம்ம தொழில்ல வச்சுப் பாத்தேன். தையக்கடையில கட்டிங் மாஸ்டர் உண்டுல்லா? இங்கன வெட்டு, அங்கன தைன்னு அவருதான சொல்லணும். ரத்தத்துலயும் அப்படி மாஸ்டருமாரு உண்டாம். இந்தக் கிருமி நேரா போயி அவுகளைத்தான் பிடிக்குது. மெசின் இருக்கும், ஆளும் இருக்கும். சொல்லுததுக்கு ஆளு இல்லன்னா? கடை திறந்து கெடக்கும், போற வார சீக்கெல்லாம் உள்ள வந்து உக்காரும்."

"மாத்திரை?"

"காசநோய்க்குத் தனியா தின்னு முடிச்சாச்சு. இதுக்குத் தினம் ராத்திரி ஒண்ணு. அது கிருமியைக் கட்டிப்போட்டிருது. மாஸ்டருமாரு பைய பைய வேலைக்குத் திரும்பிட்டாவ. மாத்திரையை விட்டா கிருமி அவுத்துக்கிட்டு வந்துரும். அதனால விடமாட்டேன்."

ரத்தத்தில் கிருமி தேடினாலும் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. எல்லாம் நல்லபடி இருக்கும்போது, ஆவணி முகூர்த்தத்துக்கு ரவிக்கைகள் குவிந்திருந்த வாரம், மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பழைய சளியும் இப்படித்தான் தொடங்கியது.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சாதாரணச் சளிதான், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே வா என்றார். பாக்கியவதி தலையாட்டினார், நம்பவில்லை. படுக்கும்போதெல்லாம் இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தார். இறங்குகிறதா, இறங்குகிறதா என்று காத்திருந்தார்.

பக்கத்து வீட்டு மதினி மாரிக்கண்ணு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தார். அளவு கொடுக்க வந்தவர்கள் தும்மினால் வாசலிலேயே விரட்டினார். கூலி என்று பேச்செடுத்தபோது, "போடி இவளே! எனக்கு முடியாம வந்தா நீ கிட்ட இருந்து பாரு, போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு காலையில் மூக்கு காய்ந்திருந்தது. பாக்கியவதி எழுந்து உட்கார்ந்து இழுத்து மூச்சு விட்டார். நெஞ்சு சத்தம் போடவில்லை. இன்னொரு தரம் விட்டார். பெரிய ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை. ஊரில் எல்லாருக்கும் வருகிற மாதிரி வந்து, எல்லாருக்கும் போகிற மாதிரி போய்விட்டது. நேரே பால் வாங்கப் போனார்.

ஆக, ஐயம்பெருமாள் அண்ணாச்சி சொன்னதில் முந்திரி உண்மை.

"பேரைப் போட்டே எழுதுங்க. தையக்கடைன்னும் போடுங்க" என்றபடி பாக்கியவதி ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம் ஊற்றினார். மாரிக்கண்ணுவுக்குச் சளி பிடித்துவிட்டதாம். நானும் கூடவே போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மதினி, திறங்க."

ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "ஏட்டி, அங்கனயே நில்லு. எஞ் சளி உனக்கு ஒட்டிரும். கிட்ட வந்த, தெரியும் சேதி!"

"என் ஒடம்பு தேறிட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாவ."

"டாக்டரு சொல்லுவாரு. நான் சொல்லணும்லா? வாளியைப் படியில வச்சுட்டுப் போ."

"அப்போ நீங்க கொக்கி தச்ச கடன்?"

"நிக்கட்டும்" என்று ஜன்னலும் சாத்தியாயிற்று. உள்ளே ஒரு தும்மல்.